என் பெயரில் இன்னொருவர்: பத்து மாதமும் நாலாயிரம் வெள்ளியும்

என் பெயரே கொண்ட இன்னொருவருடைய கடன் என் தலையில் விழுந்த கதை இது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வசூல்காரர்களிடம் கொடுத்தது 450 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கடன் பதிவைத் துடைத்துத் தருகிறேன் என்ற ஏஜெண்டிடம் கொடுத்தது 1,200. வேனுக்குக் கட்டிய முன்பணம் 500 போனது. என் பெயர்க்காரருக்கு நானாக எடுத்துக் கொடுத்தது 1,000. பெட்ரோல், டோல், நகல், சத்தியப் பிரமாணம் என்று 310. சம்பளமில்லாமல் எடுத்த ஒன்பது நாள் விடுப்பு 630. ஆக மொத்தம் 4,090 வெள்ளி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஓர் இரும்புக்கடையில் லாரி ஓட்டுகிறவனுக்கு இது சின்னத் தொகை அல்ல. இதில் கொஞ்சம் பிறகு திரும்பி வந்தது, அதற்குக் கடைசியில் வருகிறேன். பணத்தைவிட அந்தப் பத்து மாதம்தான் பெரிது. யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே என்னை உட்காரவைத்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்க வேண்டிய விவகாரம் இது.

2018 மார்ச் மாதம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிச் சாமி மாடத்தின் அருகே வைத்திருந்தாள். முருகன் த/பெ ஆறுமுகம் ஆகிய நீர் மோட்டார்சைக்கிள் வாங்கிய வகையில் 7,840 வெள்ளி பாக்கி வைத்திருக்கிறீர், பதினான்கு நாளில் கட்டாவிட்டால் மேல்நடவடிக்கை என்று மலாயில் எழுதியிருந்தது. என் பெயர். என் அப்பாவின் பெயர். கீழே அடையாள அட்டை எண், அதில் என் பிறந்த தேதி. நான் வைத்திருக்கும் மோட்டார்சைக்கிள் என் மாமனார் கொடுத்த பழைய ஹோண்டா. கடனில் ஒரு வண்டியும் வாங்கியதில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தேகம். ‘எப்போதாவது யாருக்காவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனா?’ என்று என்னையே குடைந்துகொண்டிருந்தேன். அச்சடித்த தாளில் நம் பெயரைப் பார்த்தால் நம் ஞாபகத்தைவிடத் தாளையே நம்பத் தோன்றுகிறது. மனைவி இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, “யாருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் மோட்டார்சைக்கிள் மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

கடிதத்தில் இருந்த எண்ணை நான் முழுதாக வாசிக்கவே இல்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நம் அடையாள அட்டை எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, பேராக் என்றால் 08. கடைசி நான்குதான் ஆளைப் பிரித்துக் காட்டுவது. அந்த நான்கிலும் இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. கடிதத்தில் முதல் எட்டும் என்னுடையவை. எட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, மிச்ச நான்கின்மேல் கண் போகவில்லை. இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால், படிப்பதற்கு முன் உங்கள் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வோர் இலக்கமாகப் பொருத்திப் பாருங்கள். பின்னாலிருந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஏப்ரலில் இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அடிதடிக்காரர்கள் மாதிரி இல்லை. சட்டையை உள்ளே விட்டு, கோப்பு வைத்திருந்தார்கள். ஆனால் மலிவு விலை வீட்டு வரிசையில் சுவர்கள் மெல்லியவை. “முருகன்! முருகன்!” என்று அவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டது இரண்டு பக்கமும் நான்கு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர்களை அனுப்பினால் போதும் என்று வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த 450 வெள்ளியைக் கொடுத்தேன். ரசீது எழுதுவதற்கு என்று அடையாள அட்டையின் நகலும் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். என் கடன் அல்ல என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் கட்டியிருக்கிறேன். பத்து மாதத்தில் செய்த தவறுகளில் பெரியது இதுதான். உங்களுடையது அல்லாத கடனுக்கு ஒரு வெள்ளி கட்டினாலும் அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். உங்களுடைய கடனாகவே இருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டுதான் அவகாசம். இடையில் ஒரு பகுதியைக் கட்டினால் அந்த ஆறு ஆண்டு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். அட்டை நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் இரண்டு கோடு போட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். நான் வெறும் நகலைக் கொடுத்தேன். அதிலிருந்து என் எண்ணை எடுத்துத் தங்கள் கோப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அதுவரை வெறும் பெயர்க் குழப்பமாக இருந்ததை எண் குழப்பமாகவும் ஆக்கிக் கொடுத்தவன் நான்தான்.

மே 9, பொதுத்தேர்தல். காலையிலேயே வரிசையில் நின்றேன். வாக்குச்சாவடியில் முதல் மேசையில் இருக்கும் கிராணி (எழுத்தர்), கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வதற்காக, வாக்காளரின் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார் அல்லவா? என் முறை வந்தது. என் பெயரைப் படித்தார், பிறகு பன்னிரண்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக மலாயில் படித்தார். கடைசி நான்கு காதில் விழுந்தபோது ஏதோ இடறியது. விரலில் மையோடு வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்தேன். கடைசி நான்கு இலக்கங்கள் என்னுடையவை அல்ல. நாடே அன்றிரவு தேர்தல் முடிவுக்குக் காத்திருந்தது. நான் ஒரு தாளை வைத்துக்கொண்டு மனைவியிடம், “இதோ பார், இது நான் இல்லை” என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவள் அட்டையையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இது யார்?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என் பெயர், என் அப்பாவின் பெயர், நான் பிறந்த அதே நாள், அதே மாநிலம். யோசித்தால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. 1978இல் தைப்பூசத்தன்று பிறந்தவன் நான். அன்றைக்குப் பேராக்கில் எந்தத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஆண் குழந்தை பிறந்தாலும் முருகன், வேலு, தண்டபாணி என்றுதான் வைத்திருப்பார்கள். முருகனை வணங்கும் குடும்பத்தில் அப்பாவுக்கு ஆறுமுகம் என்று பெயர் இருப்பதும் வழக்கம்தான், அப்பனும் மகனும் ஒரே சாமி. சீனர்களைப்போல் நமக்குக் குலப்பெயர் இல்லை. நம் பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்தால் அவ்வளவுதான் நாம். எங்கள் தோட்டத்தில் மட்டும் ஐந்து முருகன்கள் இருந்தோம். அதனால் அங்கே ஒரு குழப்பமும் வந்ததில்லை. நான் கிணற்றடி முருகன். ஒருவர் கொம்புக்கார முருகன், ஒருவர் செவிட்டு முருகன் (காது நன்றாகவே கேட்கும், கங்காணி கூப்பிட்டால் மட்டும் கேட்காது). விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தும்போது, கிராணி பெயர் கூப்பிட்டால்கூடச் செக்ரோல் எண்ணை (ஆட்பதிவேட்டு எண்ணை) சேர்த்துத்தான் கூப்பிடுவார். தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டு, ஆட்களைப் பட்டணத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) அனுப்பியபோது அந்த அடைமொழிகள் எங்களோடு வரவில்லை. அடையாள அட்டையில் ‘கிணற்றடி’ இல்லை. அதில் இருப்பதோ, தோட்டத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில், வாசித்தால் ‘மோர்கன்’ என்று ஒலிக்கும் ஒன்று. அந்த எழுத்துக்கூட்டல்கூட எங்கள் இருவருக்கும் ஒன்றாக இருந்ததை என்னவென்று சொல்வது?

மறுவாரம் அந்தக் கடன் நிறுவனத்துக்குப் போன் செய்து எண் வேறு என்றேன். “தட்டச்சுப் பிழையாக இருக்கும். நீங்கள்தான் ஏற்கெனவே 450 வெள்ளி கட்டியிருக்கிறீர்களே” என்றாள் அந்தப் பெண். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜூனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு ஒரு பழைய வேன் வாங்கக் கடன் கேட்டேன். காலையும் மாலையும் இரண்டு நடை ஓட்டினால் மாதம் கொஞ்சம் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம் சொல்ல மாட்டேன் என்ற அதிகாரி, நான் எழுந்தபோது மட்டும், “உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்” என்றார். நல்ல மனிதர். வேன்காரர் காத்திருக்கவில்லை, முன்பணம் போனது. பிள்ளைகள் வேறு வேனில் ஏறிக்கொண்டார்கள்.

கடன் அறிக்கை என்றால் என்னவென்றே தெரியாத நேரத்தில்தான் ஏஜெண்ட் வந்து சேர்ந்தார். தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தியவர். ‘உங்கள் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது, விட்டால் திவால் ஆக்கிவிடுவார்கள், பாஸ்போர்ட்டை முடக்குவார்கள், உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, இரண்டு வாரம்’ என்றார். 1,200 வெள்ளி கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய கைப்பேசி எண் பயன்பாட்டில் இல்லை. இந்த மனிதர் சொன்ன ஒவ்வொன்றும் பொய் என்பதை நான் கற்றுக்கொள்ள 1,200 வெள்ளி ஆனது, உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன். ஏழாயிரத்துச் சொச்சக் கடனுக்கு யாரையும் திவாலாக்க முடியாது. 2017 அக்டோபரிலிருந்து அதற்குக் குறைந்தபட்சக் கடன் 50,000 வெள்ளி, 2021இலிருந்து ஒரு லட்சம் வெள்ளி. மத்திய வங்கி வைத்திருக்கும் கடன் பதிவான சிசிரிஸ் அறிக்கையை யார் வேண்டுமானாலும் தன்னுடையதைக் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். அதில் கடந்த பன்னிரண்டு மாதக் கட்டண விவரம்தான் இருக்கும், கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அதில் இல்லை. என்னுடைய சிசிரிஸ் சுத்தமாக இருந்தது. அழுக்கு இருந்தது ஒரு தனியார் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில். 2010ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி அந்த அறிக்கையைப் பார்க்கவும் தவறைத் திருத்தக் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. இதற்கு ‘உள்ளே ஆள்’ எதற்கு?

ஜூலையில் மகள் சொல்லித்தான் ஓர் உருப்படியான வேலை செய்தேன். கடன் நிறுவனத்துக்கு எழுத்துமூலமாக, நான் கையெழுத்திட்டதாகச் சொல்லும் ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று கேட்டேன். போனில் பேசும்போது மிதப்பாக இருந்தவர்கள் கடிதம் போனதும் மூன்று வாரத்தில் நகலை அனுப்பினார்கள். முதல் கடிதம் வந்த மறுநாளே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. தமிழில். ‘முருகன்’ என்று நான்கு எழுத்துகள். ‘ரு’வின் சுழி கொஞ்சம் பெரிது, ‘ன்’னின் புள்ளி அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. நான் ஆங்கிலத்தில் கிறுக்குகிறவன். தோட்டப் பள்ளியில் ஆசிரியை என் கையைப் பிடித்து எழுதவைத்த பிறகு, என் பெயரை இன்னொருவர் கை இப்படிச் சிரத்தையாக எழுதி நான் பார்த்ததே இல்லை. அதுவரை மனத்துக்குள் அந்த ஆளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. ஒப்பந்தத்தில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து முகவரி இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் விடுப்பெடுத்துக் கிளம்பினேன். ஈப்போ, கம்பார், பீடோர் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். சண்டை போடத்தான் போனேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் பீடோரில் வண்டியை நிறுத்தி, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று இரண்டு கிலோ கொய்யா வாங்கினேன். சண்டைக்குப் போகிறவன் செய்கிற காரியமா அது? தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தின் எதிரே நின்று ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். அவர் இன்னமும் ஊரைப் பழைய பெயரில் தெலுக் ஆன்சன் என்றே சொன்னார்.

லயத்து வாசலில் ஓர் அம்மாள் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். ஊரில் இன்னும் பழைய வழக்கம் உள்ளவர், கணவர் பெயரை வாயால் சொல்லாதவர். நான் என் பெயரைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டார். பிறகு உள்ளே பார்த்து, “இந்தாங்க, உங்க பேர்ல ஒருத்தர் வந்திருக்கார்” என்று கூப்பிட்டார். இந்த ஒரு வரியை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன், மாற்ற மனம் வரவில்லை. கடன்காரர்கள் வந்து ‘முருகன் வீடா’ என்று கேட்டால், கணவர் பெயரையும் சொல்ல முடியாமல், மாமனார் பெயர் ஆறுமுகம் என்பதால் அதையும் சொல்ல முடியாமல், “பழனிமலைக்காரர் பெயர்தான்” என்று சொல்வாராம். அந்த வசூல்காரர்கள் மலாய்க்காரர்கள். அவர்கள் பழனி என்று ஒருவரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வெளியே வந்தவர் என்னைவிட ஒல்லி, கறுப்பு, செம்பனைக் குலை வெட்டி வெட்டிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிறகு நடந்தது, இப்போது நினைத்தாலும் எனக்கு விளங்கவில்லை. இருவரும் அடையாள அட்டையை எடுத்துப் பாயின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எட்டு இலக்கமும் நேர்க்கோட்டில் நின்றன. “எந்த நேரத்தில் பிறந்தீர்கள்?” என்று கேட்டார். விடியற்காலை, பெரட்டுக்கு முன் என்றேன். அவர் பிறந்தது காவடிகள் திரும்பும் நேரம் என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறாராம். ஆக நான் மூத்தவன். அவர் என்னை அண்ணே என்றார். அவர் மனைவி ஏற்கெனவே என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேரும் அண்ணே என்றால் முறை இடிக்கிறதே என்று சிரித்தோம். சோறு போட்டார்கள், கருவாட்டுக் குழம்பு. மோட்டார்சைக்கிள் அவர் ஓட்டியதே இல்லை. அக்காள் மகன் வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்று கேட்டதால் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் அந்தப் பையனும் இல்லை, வண்டியும் இல்லை. நம் ஜனங்களில் பாதிப்பேருடைய கடன் கதை இதுதான். வண்டி யார் ஓட்டுகிறார் என்று சட்டம் கேட்பதில்லை, யார் கையெழுத்துப் போட்டார் என்றுதான் கேட்கும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒற்றுமைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். இருவருக்கும் பெண் குழந்தை மூத்தது. இருவருடைய அப்பாவும் ஐம்பது வயதுக்குள் போனவர்கள். இருவருக்கும் பாகற்காய் பிடிக்காது. பாகற்காய் பிடிக்காதவர்கள் பேராக்கில் எத்தனை ஆயிரம் பேர்! வேற்றுமைகளை ஒன்றுகூட எண்ணவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் என் மகள் இதற்கு விளக்கம் சொல்கிறாள். பெல்ஜியத்தைச் சேர்ந்த நட்டின் என்ற ஆய்வாளர் 1985இலேயே காட்டியிருக்கிறாராம்: வெறும் எழுத்துகளைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டால், மனிதர்கள் தங்கள் பெயரில் உள்ள எழுத்துகளை அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாமல். 2005இல் கார்னர் என்ற அமெரிக்கர் செய்த சோதனையில், தங்கள் பெயரைப்போன்ற பெயருள்ளவரிடமிருந்து கேள்வித்தாள் வந்தால் அதை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் கணிசமாக அதிகமாம். பெயர் ஒத்தால் கை தானாக இளகுகிறது. கேள்வித்தாளோடு நின்றால் பரவாயில்லை. நான் செப்டம்பரில் மறுபடி தெலுக் இந்தான் போய் அவர் கையில் 1,000 வெள்ளியை வைத்துவிட்டு வந்தேன்.

அவர் கேட்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். மொத்தமாக ஆயிரம் கட்டினால் மீதியைத் தவணை ஆக்கலாம் என்று நிறுவனத்தில் சொன்னார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார், அவ்வளவுதான். முருகன் த/பெ ஆறுமுகம் என்று ஒருவர் தலை குனிந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கடன் தீர்ந்தால் என் பிரச்சினையும் தீரும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது, மறைக்க மாட்டேன். தாளில் எழுதவில்லை, சாட்சி இல்லை, மனைவியிடம் சொல்லவில்லை. அது மட்டுமல்ல, போலீஸ் புகார் கொடுக்கும்படி கடை முதலாளி சொல்லியும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன், புகார் கொடுத்தால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். எவ்வளவு முட்டாள்தனம்! ஆள்மாறாட்டக் குழப்பத்துக்குப் புகார் கொடுப்பது, இன்ன தேதியில் நான் மறுத்தேன் என்பதற்கு ஒரு பதிவு, அவ்வளவுதான். கடன் பாக்கி வைப்பது போலீஸ் பிடிக்கிற குற்றமும் அல்ல. புகார் கொடுக்கக் காசும் கிடையாது.

அக்டோபர் முழுக்க அவர் போனை எடுக்கவில்லை. ஏஜெண்ட் ஏமாற்றியபோது வந்ததைவிட அதிகக் கோபம் இப்போது வந்தது. ஏஜெண்ட் யாரோ. இவர் என் பெயரை வைத்துக்கொண்டல்லவா என்னை ஏமாற்றுகிறார்! என் பெயரை நானே திட்டிக்கொண்டு லாரி ஓட்டியிருக்கிறேன். நவம்பரில் அவரே வந்து நின்றார், பஸ் பிடித்து, மூன்று இடம் மாறி. ஆயிரத்தில் பாதியைத்தான் நிறுவனத்தில் கட்டியிருக்கிறார். மீதி மனைவியின் வைத்தியத்துக்கு ஈப்போவுக்கு அலைந்ததில் போய்விட்டது. சொல்ல முகமில்லாமல் போனை அணைத்து வைத்திருந்தார். நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். அவருக்கு அன்று நான் பணம் கொடுத்ததற்குப் பதிலாக, 2006லிருந்து இலவசமாகக் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. அலுவலகம் ஈப்போவிலேயே இருக்கிறது, அங்கே அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆயிரமும் மிஞ்சியிருக்கும், ஒரு மாதக் கசப்பும் இருந்திருக்காது.

ஆனால் அவர் வந்த அந்த ஒரு நாளில்தான் என் விவகாரம் முடிந்தது. காலையில் போலீஸ் நிலையத்தில் புகார். அங்கிருந்து பெசுருஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண அதிகாரியிடம் போனோம். 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் நான் ஓர் அறிக்கை: இன்ன எண்ணுள்ள முருகன் த/பெ ஆறுமுகம் நான்தான், இன்ன எண்ணுள்ள முருகன் த/பெ ஆறுமுகம் நான் அல்லேன். அவர் ஓர் அறிக்கை: அந்தக் கடன் என்னுடையது, கையெழுத்து என்னுடையது, இன்னொரு முருகனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு இரண்டு அட்டைகளையும் வாங்கினார். “இதில் யார் யார் இல்லை?” என்று கேட்டார். பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை உண்டு என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சொன்னார். கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அதே பெரிய சுழி, அதே தள்ளிப்போன புள்ளி.

இரண்டு அறிக்கை, புகார் நகல், இரண்டு அட்டைகளின் கோடு போட்ட நகல், 450 வெள்ளி ரசீது, ஒப்பந்த நகல், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கடன் நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒவ்வொரு தபாலின் ரசீதையும் ஒட்டிவைத்தேன். போனில் ஒன்றும் பேசவில்லை. டிசம்பர் கடைசியில் கடன் அறிக்கையிலிருந்து அந்தப் பதிவு நீக்கப்பட்டது. 2019 ஜனவரியில் கடன் நிறுவனத்திடமிருந்து ஒற்றை வரி: தங்கள் பெயரிலான கோப்பு மூடப்பட்டது. மன்னிப்பு இல்லை. 450 வெள்ளியும் திரும்பி வரவில்லை. அது அவருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டதாக எழுதியிருந்தார்கள். ஆக அவருக்கு நான் கொடுத்தது உண்மையில் 1,450. அந்த அறிக்கைகளின் நகலை இன்றும் லாரியின் டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். கடன் அறிக்கையை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் எடுத்துப் பார்க்கிறேன், பிறந்தநாள் என்றால் மறக்காது அல்லவா?

அந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலில் இரண்டு குடும்பமும் சந்தித்தோம். கூட்டத்தில் அவர் மனைவி என் மனைவியைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக்கொண்டார். அதற்குள் ஆயிரம் வெள்ளி விஷயத்தை நான் வீட்டில் சொல்லியிருந்தேன், எப்படிச் சொன்னேன், என்ன வாங்கிக்கட்டிக்கொண்டேன் என்பது இங்கே வேண்டாம். மாதம் ஐம்பது ஐம்பதாகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னார். இந்த முறை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம், அடையாள அட்டை எண் முழுதாக, பன்னிரண்டு இலக்கமும்.

பிப்ரவரி முதல் வாரம் மதியம் லாரியில் சிமெண்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். தெலுக் இந்தானில் வங்கியின் பணம் போடும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குரல் பதறியது. “அண்ணே, நீங்கள் கொடுத்த கணக்கு எண்ணைத்தான் அழுத்தினேன். திரையில் என் பெயர் வருகிறது. எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன்போல் இருக்கிறது, ரத்து செய்யட்டுமா?”

“அது நான்தான்” என்றேன். “பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.”